தொட்டால் பெரிதாகும் படம்

சங்கத்தில் ஒருவரை ஒருவர் மீந்திருக்கும் விரல்களின் எண்ணிக்கையைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். தலைவர் எட்டு. படம் எடுப்பவன் ஆறரை. அந்த அரையை அவன் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டான். "நகம் இருக்குல்ல? அப்ப கணக்குல சேத்துக்கணும்" என்று மல்லுக்கு நிற்பான். அவள் ஒருத்திதான் குறையில்லாமல் வந்து சேர்ந்தவள். அதனால் பத்து என்று பெயர் விழுந்தது. முதல் வருடம் அப்படி யாராவது கூப்பிட்டால் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் தவிப்பாள். அப்புறம் பழகிவிட்டது.

பிரஸ் பட்டறைகளில் கை போனவர்களின் சங்கம் அது. சைக்கிள் கடைக்கு மாடியில் இரண்டு அறைகள். சுற்றிலும் தெருத் தெருவாகப் பட்டறைகள். பட்டறைக்காரன் ஒரு தகட்டை அச்சின் மேல் வைத்துப் பெடலை மிதிப்பான். மேலிருந்து நூறு டன் பாரம் இறங்கி, தகட்டைக் கார்க் கதவின் கைப்பிடியாக்கிவிட்டு ஏறும். ஒரு ஷிப்டுக்கு எட்டாயிரம் தடவை. உள்ளே கை இருந்தால் பாரம் இறங்காமல் நிறுத்த ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு சென்சார் உண்டு. சென்சார் இருந்தால் வேலை மெதுவாகும். அதனால் கழற்றி வைத்துவிடுவார்கள். சோதனைக்கு ஆள் வருகிற அன்றைக்கு மட்டும் மாட்டுவார்கள்.

அவள் வருவதற்கு முன்பே சங்கத்துக்கு ஒரு வலைப்பூ இருந்தது. எட்டு எழுதிய அறிக்கைகள் அதில் வரும். எல்லாம் 'வன்மையாகக் கண்டிக்கிறோம்' என்று தொடங்கி 'எச்சரிக்கிறோம்' என்று முடியும். பதினோரு பேர் படித்தார்கள். அதில் ஏழு பேர் அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தவர்கள்.

"உங்க வீட்டுக்காரம்மாவாவது படிச்சாங்களாண்ணே?" என்று ஆறரை கேட்டான்.

"நான் பேசறதையே அவ கேக்கறதில்ல. எழுதறத எங்க படிக்கப் போறா?" என்றார் எட்டு.

அவள் அச்சகத்தில் பதினான்கு வருடம் மெய்ப்புத் திருத்தியவள். வந்ததும் எல்லாவற்றையும் மாற்றினாள். ஒரு பதிவில் ஓர் ஆள் மட்டும். முதல் வரியிலேயே நடந்தது என்ன என்று சொல்லிவிட வேண்டும். கொடூரம், அவலம் என்ற வார்த்தைகளே கூடாது. அந்த வேலையைப் படம் பார்த்துக்கொள்ளும். முடிவில், படித்தவர் செய்யக்கூடிய காரியம் ஒன்றே ஒன்று: இந்தக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பதிவு வந்தாக வேண்டும், வானமே இடிந்து விழுந்தாலும். வருகிற பின்னூட்டம் ஒவ்வொன்றுக்கும் பதில், வசவாக இருந்தாலும் ஒரு நன்றி.

படமெல்லாம் பொய், சாயம் பூசி எடுத்தது என்று சிலர் எழுதியபோது அவள் இன்னொன்றும் செய்தாள். படத்தை விரலால் தொட்டால் மூலப்படமே திரை நிறைய விரியும்படி வைத்தாள். தையலை எண்ணிக்கொள்ளலாம். மிஷினின் நம்பரைப் படிக்கலாம். பொய் என்ற பேச்சு அதோடு நின்றது. ஒன்றரை வருடத்தில் படிக்கிறவர்கள் நாற்பதாயிரம் பேர் ஆனார்கள்.

தெருவில் எல்லோரும் பெரிய பட்டறை என்று சொல்லும் பட்டறையில், பதினான்காம் நம்பர் மிஷினில், ஒரு பெண்ணுக்கு இரண்டு கைகளும் மணிக்கட்டோடு போயின. அவள் சொன்னதைப் பத்து அப்படியே எழுதினாள்: 'பிள்ளைக்கு மூக்கு ஒழுகுகிறது. துடைக்க ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.' அந்த ஒரு பதிவுக்கு இரண்டாயிரத்து அறுநூறு கடிதங்கள் போயின. கைப்பிடி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி பயந்துபோய், எல்லா மிஷினிலும் சென்சார் இருக்கிறதா என்று நேரில் பார்க்காமல் இனி ஒரு பெட்டி கூட எடுப்பதில்லை என்றது. வியாழக்கிழமை அவர்களுடைய ஆள் வருவதாக முடிவானது.

அதற்கு முந்தைய திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு நான்கு பேர் மாடி ஏறி வந்தார்கள்.

முன்னால் வந்தவன் பெரிய பட்டறையின் சூப்பர்வைசர். தெருவுக்கே தெரிந்த முகம்; அதை மறைக்க அவன் மெனக்கெடவும் இல்லை. வாசலில் கிடந்த சாக்கில் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். எட்டு வக்கீலைப் பார்க்கப் போயிருந்தார். அறையில் அவளும் ஆறரையும்தான்.

முதல் அடி கணினியின் மேல் விழுந்தது. இரண்டாவது ஆறரையின் தாடையில். பல் ஒன்று சுவரில் பட்டுத் தெறித்து அவள் மடியில் வந்து விழுந்தது. அவன் குனிந்தபோது முதுகில் மூன்று அடி, இடுப்பில் ஒன்று. இருவர் அவனை இழுத்துப் போய், நல்ல கை என்று அவன் சொல்லிக்கொள்ளும் இடது கையைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் வைத்துப் பிடித்தார்கள். இன்னொருவன் கதவைத் தோளால் இடித்துச் சாத்தினான். கதவு மூடிக்கொள்ளவில்லை. பின்வாங்கி மறுபடி இடித்தான். மூடிக்கொண்டது. ஆறரைக்குக் கத்த வாய் வரவில்லை. தாடை தொங்கிப் போயிருந்தது. காற்று போவது போல ஒரு சத்தம் மட்டும் வந்தது.

சூப்பர்வைசர் அவள் தலைமுடியைக் கையில் சுற்றிப் பிடித்தான்.

"எழுதறது நீதானே?"

"ஆமா."

"நல்லா எழுதறே. எங்க வீட்டுல படிச்சிட்டு அழுதா. புதன்கிழமை இன்னொண்ணு எழுது. இது வரைக்கும் சொன்னதெல்லாம் பொய்யி, மன்னிச்சிடுங்கன்னு. எழுதறதுக்குக் கை வேணும் பாரு, அதான் உன்னுத விட்டு வெச்சிருக்கேன்."

போகும்போது படியில் ஒருவன் எதற்கோ சிரித்தான்.

ஆஸ்பத்திரியில் ஆறரையின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். இடது கையில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. மயக்கம் தெளிந்ததும் வலது கையால் போனை வாங்கி, மெதுவாகத் தட்டி அவளிடம் காட்டினான்: 'அரை இருக்கா?'

"அரை பத்திரமா இருக்கு" என்றாள் அவள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அன்று சாயங்காலம் அவளுடைய தம்பி ஆஸ்பத்திரிக்கு வந்தான். பெரிய பட்டறையில் அவன் பிட்டர். பிட்டர் வேலை என்றால் கழற்றுவதும் மாட்டுவதும். எதைக் கழற்றுகிறாய் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்றுதான் கேட்கவில்லை. அவன் ஆறரையின் கட்டுப் போட்ட கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவளை வராந்தாவுக்குக் கூட்டிப்போனான்.

"அக்கா, பதினாலாம் நம்பர் சென்சாரக் கழட்டினது யாரு தெரியுமா?"

அவள் வராந்தாவுக்கு வெளியே பார்த்தாள்.

"தெரியும் உனக்கு. தெரிஞ்சுதான் கேக்காம இருந்தே. நான்தான்."

போனை எடுத்துக் காட்டினான். ஸ்டோர் ரூம் அலமாரி. உள்ளே வரிசையாக நாற்பத்தொரு சென்சார்கள், ஒவ்வொன்றிலும் மிஷின் நம்பர் எழுதிய தகரத் துண்டு தொங்கியது. அலமாரிக்கு முன்னால் தம்பி, பதினான்காம் நம்பரைக் கன்னத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

"ஸ்டோர்காரன் கதவத் தொறந்துவிட்டு, நான் கேட்டுல குடுக்காம ஒளிச்சுக் கொண்டு போன போன்ல அவனே எடுத்தான். அவன் பேரு எங்கயும் வரக் கூடாது. கோர்ட்டுல சாட்சியா நிக்கப் போறது நான், அதான் என் மூஞ்சியோட எடுக்கச் சொன்னேன். ஆனா பிளாக்ல மூஞ்சி வேண்டாம்க்கா. கை மட்டும் போடு."

"கோர்ட்டுக்கே போறப்ப, பிளாக்ல எதுக்குடா?"

"புதன்கிழமை சாயங்காலம் நாப்பத்தொண்ணையும் மாட்டச் சொல்லியிருக்கானுங்க. வியாழக்கிழமை அந்தக் கம்பெனிக்காரன் வந்து பாத்துட்டு, சபாஷ்னு முதுகுல தட்டிட்டுப் போயிருவான். வெள்ளிக்கிழமை நான் மறுபடி கழட்டுவேன். அதுக்கு முன்னாடி வெளிய வந்தாத்தான் உண்டு."

"அப்ப நாளையிலேர்ந்து லீவு போட்டுடு."

"நல்லா இருக்கே! நாந்தான் போட்டுக் குடுத்தேன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்."

"சரி. உன் மூஞ்சி வராது."

"வந்தா செத்தேன்" என்று சொல்லிச் சிரித்தான்.

வழக்கமாகப் படங்களை வெட்டித் திருத்தித் தருவது ஆறரை. எந்தப் படமானாலும் அவன் கணினியில் வெட்டிய பிறகுதான் அவள் கைக்கு வரும். வெட்டும் வேலையை அவள் ஒருநாளும் செய்ததில்லை. இப்போது கணினி உடைந்து மூலையில் கிடந்தது. ஆறரை வாயைக் கட்டிக் கிடந்தான். அவள் தன்னுடைய போனிலிருந்தே பதிவை ஏற்றினாள். வலைப்பூவிலேயே படத்தை வெட்ட ஒரு வசதி இருந்தது. விரலால் ஒரு கட்டம் இழுத்தாள். கட்டத்துக்குள் கை மட்டும் நின்றது: கிரீஸ் படிந்த ஐந்து விரல்கள், தகரத் துண்டு, பதினான்கு என்ற எண். நான்கு முறை பார்த்தாள். தலைப்பை மூன்று முறை மாற்றினாள். புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பதிவு வெளியே போனது.

அரை மணி நேரத்தில் மூவாயிரம் பேர் படித்துவிட்டார்கள். பின்னூட்டங்கள் மளமளவென்று வந்தன. அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதிக்கொண்டே போனாள். ஒன்பது நாற்பத்தொன்றுக்குப் பெயரில்லாத ஒருவர் எழுதியிருந்தார்: 'படம் ரொம்பத் தெளிவு. நன்றி.'

'படித்ததற்கு நன்றி. பிறருக்கும் அனுப்புங்கள்' என்று அவள் பதில் எழுதினாள்.

பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஆறரை தட்டி அனுப்பிய செய்தி வந்தது. 'படத்த எடு. தொட்டுப் பார்.'

தொட்டாள். கட்டம் மேலோட்டமான வேலை. அடியில் மூலப்படம் அப்படியே இருந்தது. தம்பியின் முகம் திரை நிறைய விரிந்தது. புருவத்தின் தழும்பு, மூன்று நாள் தாடி, சட்டைப் பையில் குத்தியிருந்த டெஸ்டர் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன.

அவள் படத்தை அழித்தாள். தம்பிக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஷிப்டுக்குள் போகிறவர்கள் போனைக் கேட்டில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட வேண்டும். அவள்தான் அதைப் பற்றி ஒரு பதிவே எழுதியிருந்தாள்.

தம்பிக்கு ஆபத்து என்று மட்டும் சொன்னாள்; பக்கத்து அறையிலிருந்த எட்டு ஸ்கூட்டரை எடுத்தார். வழியில் அவள் அவர் முதுகில் குத்திக்கொண்டே வந்தாள். "போங்கண்ணே. போங்கண்ணே."

கேட்டில் வாட்ச்மேன் நின்றான். "எங்க அம்மா செத்துட்டாங்க. தம்பிய வெளிய அனுப்புங்க" என்றாள். அம்மா செத்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. வாட்ச்மேன் அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

"சூப்பர்வைசர் கூட்டிட்டுப் போனாரும்மா. பதினாலு கிட்ட. கால் மணி நேரம் இருக்கும்."

உள்ளே நாற்பத்தொரு பிரஸ்களும் இடித்துக்கொண்டிருந்தன. தரை அதிர்ந்து செருப்பு வழியாக முழங்கால் வரை ஏறியது. ஒருவன் எவ்வளவு கத்தினாலும் அந்தச் சத்தத்தில் கேட்காது. அவளுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டின் கம்பியைப் பிடித்து உலுக்கினாள். எட்டு தோளால் மோதினார். வாட்ச்மேன் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டு, "எனக்கும் புள்ளைங்க இருக்குண்ணே" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

பிறகு தகடு அள்ளும் தள்ளுவண்டியில் தம்பியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இரண்டு கைகளையும் ஒரே கோணியில் சுற்றி வயிற்றின் மேல் வைத்திருந்தார்கள். கோணியிலிருந்து சொட்டியது வண்டியின் ஓட்டைகள் வழியாக நூல் பிடித்தது போலக் கோடாக வந்தது. அவன் கண் திறந்திருந்தது. அவளைப் பார்த்தான்.

கேட்டுக்கு நாலடி உள்ளே வண்டி நின்றது. சூப்பர்வைசர் கம்பி வழியாக ஒரு காகிதத்தையும் பேனாவையும் நீட்டினான்.

"கையெழுத்துப் போடு. தொறக்கறேன்."

"என்னய்யா இது?" என்று எட்டு கத்தினார். "உயிர் போகுதுய்யா!"

"அதான் சொல்றேன், லேட் பண்ணாதீங்க."

பதினான்கு வருடம் ஒரு காற்புள்ளியைக்கூடப் படிக்காமல் விடாதவள், அந்தக் காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். கேட் திறந்தது.

மிஷின் ஓடும்போது அனுமதியில்லாமல் கையை உள்ளே விட்டதால் ஏற்பட்ட விபத்து, பட்டறையின் மேல் எங்களுக்கு எந்தப் புகாரும் இல்லை என்று அதில் இருந்ததாக மறுநாள் இன்ஸ்பெக்டர் சொன்னார். "உங்க கையெழுத்துதானே? அப்புறம் என்னம்மா கொலை முயற்சி, அது இதுன்னு? உங்க தம்பிக்கும் உங்க சங்கத்துக்கும் என்ன சம்பந்தம்னு காட்டுங்க. அவனுங்களுக்கு எதுக்குக் கோபம் வரணும்? காட்டுங்க, பாக்கலாம்." அவள் படத்தைக் காட்டவில்லை. காட்டினால் அது எப்படி வெளியே வந்தது என்றும் சொல்ல வேண்டியிருக்கும்.

தம்பி இரண்டு நாள் உயிரோடு இருந்தான். அவன் மனைவி கால்மாட்டில், அவள் தலைமாட்டில். இரண்டு கைகளும் முழங்கைக்குக் கீழே இல்லை. கம்பெனி ஆள் பட்டறையைப் பார்த்துவிட்டுப் போன வியாழக்கிழமை மத்தியானம் ஜுரத்துக்கு நடுவே ஒருமுறை தெளிவாகப் பேசினான்.

"ஒண்ணொண்ணா வெச்சானுங்கக்கா. மொதல்ல எடது. அப்புறம் நிறுத்திட்டுக் கேட்டான், ஸ்டோரத் தொறந்து விட்டது யாருடான்னு. பூட்டை நான்தான் ஒடச்சேன்னு சொன்னேன். அப்புறம் வலது. அப்பவும் சொல்லல."

"பேசாதடா."

"மூஞ்சி வந்துச்சாக்கா?"

அவன் மனைவியும் அவளைப் பார்த்தாள்.

"இல்லடா" என்றாள் அவள். "கை மட்டும்தான் வந்துச்சு."

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தான். கண்ணோரத்தில் நீர் இறங்கியது. துடைக்க அவனால் முடியவில்லை.

"அப்ப ஸ்டோர்காரன்தான் சொல்லியிருக்கான். அவன் பேரத்தானக்கா நான் சொல்லாம இருந்தேன்."

அந்த நேரத்தில் அவள் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், ஜுரம் இறங்கட்டும் என்று நினைத்தாள். வெள்ளிக்கிழமை விடியும்போது அவன் இறந்துபோனான்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது எட்டிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தெருவோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"ஆறரைக்கு. தொட்டுப் பாத்த மத்தவங்களுக்கு அவன் யாருன்னு தெரியாது."

"அவன் வாய் கட்டித்தான் கெடக்கு. நீயும் கட்டு. நம்மால போச்சுன்னு தெரிஞ்சா இனிமே எவன் நம்மகிட்ட வந்து வாயத் தொறப்பான்? ஒரு தடவ நம்பிக்கை போச்சுன்னா போச்சு. ஒன்றரை வருஷம் எழுதினது எல்லாம் தண்ணியில."

"அவன் ஸ்டோர்காரன நெனச்சுக்கிட்டே செத்தான்ணே."

"செத்தவன் போய்ட்டாம்மா."

சனிக்கிழமை காலை தம்பி மனைவியின் வீட்டுக்குப் போனாள். வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "இவ அண்ணனுங்க ரெண்டு பேரும் வந்தாங்க. இவளையும் வண்டியில ஏத்திக்கிட்டுப் போனாங்க. ஸ்டோர்காரன் வீடு எங்கன்னு கேட்டாங்க. அவனும் புதன்கிழமையிலேர்ந்து வேலைக்கு வரலியாமே? குத்தமுள்ளவன்தானே ஒளிஞ்சுக்குவான்?"

அவள் ஓடினாள். நான்கு தெரு. மூச்சு வாங்க நின்ற இடத்தில் எல்லாம் தம்பி கூரையைப் பார்த்து யோசித்த முகம் வந்தது.

ஸ்டோர்காரன் வீடு ஒரே அறை. கதவு ஒரு கீலில் தொங்கியது. வாசலில் தம்பி மனைவி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். உள்ளே நடப்பதை ஒரு துளி விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவன் கையில் சைக்கிள் செயின். சின்னவன் கையில் முக்காலியின் கால். நடுவில் தரையில் கிடந்தவனுக்கு ஐம்பது வயது இருக்கும். ஒரு கண் புடைத்து மூடிப் போயிருந்தது. செயின் முதுகில் இறங்கும்போதெல்லாம் சட்டையோடு சேர்த்துத் தோலும் கிழிந்தது. முக்காலிக்கால் விலாவில் பட்டபோது காய்ந்த குச்சியை ஒடிப்பது போலக் கேட்டது.

"நான் சொல்லலடா... நான் சொல்லல..." என்று அவன் ரத்தத்தோடு துப்பித் துப்பிச் சொன்னான்.

"சொல்லாமலா அவன் கைய வெச்சானுங்க? கடைசி வரைக்கும் உன் பேர மறைச்சான்டா அவன்!" செயின் மறுபடி மேலே போனது.

அவள் உள்ளே பாய்ந்து அவன் மேல் விழுந்தாள். செயின் அவள் தோளில் விழுந்து கழுத்தைச் சுற்றியது.

"நான்தான்!" என்று கத்தினாள். "நான்தான் காட்டிக் குடுத்தேன்! படத்துல அவன் மூஞ்சி இருந்துச்சு. நான் வெட்டினது சரியா வெட்டல. அவனுங்க பாத்துட்டு, படம் தெளிவுன்னு எழுதினானுங்க; நானும் நன்றின்னு பதில் போட்டேன். இவன் ஒண்ணும் சொல்லல!"

பெரியவன் செயினை இழுத்தான். அது அவள் கழுத்துத் தோலோடு வந்தது. 

தம்பி மனைவி வாசலிலிருந்து வந்தாள். நிதானமாகத்தான் வந்தாள். அவளைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள்.

"ஆஸ்பத்திரியில கேட்டாரே. என் எதிர்லதானே கேட்டாரு. கை மட்டும்தான் வந்துச்சுன்னு சொன்னீங்களே அண்ணி?"

"பயந்துட்டேன்மா."

அடி கன்னத்தில் விழுந்தது. அடுத்தது வாயில். உதடு பல்லில் கிழிந்தது. மூன்றாவது, நான்காவது. அவள் கையைத் தூக்கவில்லை. தம்பி மனைவி அடித்துக்கொண்டே போனாள். பிறகு அடிக்கிற கை சோர்ந்து, அவள் தோளிலேயே முகத்தை வைத்துக்கொண்டு அலறினாள். அண்ணன்கள் இரண்டு பேரும் சுவரோரம் ஒதுங்கி, கையில் இருந்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

அலறல் அடங்க வெகுநேரம் ஆனது.

"அந்தப் படம் இப்ப எங்க?" என்று தம்பி மனைவி கேட்டாள்.

"என் போன்ல இருக்கு. பிளாக்லேர்ந்து அழிச்சிட்டேன்."

"அழிச்சிட்டு? போலீஸ்காரன் கேட்டப்பவும் காட்டல. ஆக்சிடென்ட்டுன்னு நீங்க போட்ட கையெழுத்து மட்டும் நிக்குது. அவரு ஏதோ தூக்கத்துல போய்க் கைய விட்ட மாதிரி." மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். "போடுங்க. முழுப் படத்தையும் போடுங்க. அவனுங்க எப்ப பாத்தானுங்க, அதுக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்க, அதுக்கப்புறம் எத்தன நிமிஷத்துல அவர மிஷின்கிட்ட கூட்டிட்டுப் போனானுங்க, எல்லாத்தையும் போடுங்க. கையெழுத்து எப்படி வாங்கினானுங்கன்னும்."

"எட்டண்ணன் ஒத்துக்க மாட்டாரு."

"செத்தது அவரு புருஷனா, என் புருஷனா?"

தரையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஸ்டோர்காரன் எழுந்து உட்காரப் பார்த்தான், முடியவில்லை.

"என் பேரையும் போடுங்கம்மா" என்றான். "ரூமத் தொறந்து விட்டது நான். படம் எடுத்தது நான். மொத்தம் நாப்பத்தொண்ணு, எந்தத் தேதியில எது கழட்டினதுன்னு என் ரிஜிஸ்தர்ல இருக்கு. அன்னிக்கு அவனப் பதினாலு கிட்ட இழுத்துட்டுப் போறதப் பாத்தேன். சுவரேறிக் குதிச்சு ஓடி வந்துட்டேன். மூணு நாளா இந்தக் கட்டிலுக்கு அடியிலதான் இருந்தேன். அதையும் போடுங்க."

"உங்கள விட மாட்டானுங்களே" என்றாள் பத்து.

"இப்ப மட்டும் விட்டாங்களாக்கும்?" திறந்திருந்த ஒரு கண்ணால் அண்ணன்களைப் பார்த்தான். "அப்புறம், இவங்க ரெண்டு பேரும் என்னப் பண்ணினதையும் எழுதணும். அது இல்லாம என் பேரப் போடக் கூடாது."

சின்னவன் பெரியவனைப் பார்த்தான். பெரியவன் தங்கையைப் பார்த்தான்.

"அண்ணனுங்க பேரும் வரணுமா?" என்று பத்து கேட்டாள்.

"நான் நின்னு பாத்தேன். என் பேரும் வரட்டும்" என்றாள் தம்பி மனைவி.

பெரியவன் செயினைக் கீழே போட்டான். "மொதல்ல இந்தாள ஆஸ்பத்திரிக்குத் தூக்குவோம்" என்றான். இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கியபோது ஸ்டோர்காரன் வீறிட்டான். "மெதுவாடா பாவிங்களா! விலா எலும்பு. நீங்க ஒடச்சதுதான், உங்களுக்குத் தெரியாதா எங்கன்னு?"

சரக்கு வண்டியின் பின்னால் அவனைக் கிடத்தினார்கள். பெண்கள் இருவரும் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். வண்டி நகர்ந்ததும் அவள் போனில் எழுதத் தொடங்கினாள். கிழிந்த உதட்டிலிருந்து திரையில் சொட்டியதை முந்தானையால் துடைத்துத் துடைத்து எழுதினாள். 'தம்பியைக் கொன்றவர்களுக்கு அவன் முகத்தைக் காட்டியது நான்' என்று முதல் வரி போட்டாள். ஸ்டோர்காரன் பள்ளத்தில் வண்டி விழும்போதெல்லாம் முனகிக்கொண்டே தேதிகளைச் சொன்னான். தம்பி மனைவி ஒவ்வொரு வரியையும் எட்டிப் படித்தாள். 'கவனக்குறைவால்' என்று ஓரிடத்தில் வந்தபோது, "அத எடுங்க. என்ன பண்ணீங்களோ அத மட்டும் சொல்லுங்க" என்றாள். அவள் எடுத்தாள்.

முழுப் படத்தையும் ஏற்றினாள். பெரிய பட்டறையைத் தாண்டும்போது வண்டி நெரிசலில் நின்றது. உள்ளே பிரஸ்கள் இடித்துக்கொண்டிருந்தன. அந்த அதிர்ச்சி வண்டியின் தகரம் வழியாக ஸ்டோர்காரனின் விலாவில் ஏறியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். கேட்டில் நின்ற வாட்ச்மேன் அவர்களைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி யாரையோ கூப்பிட்டான்.

"போட்டாச்சா?" என்று முன்னாலிருந்து பெரியவன் கேட்டான்.

"போட்டாச்சு" என்றாள் தம்பி மனைவி. "நீ வண்டிய எடு."